நிகழ்ச்சி நிரலில் ஏழாவது

வெருலம். வியாழன் இரவு.
வாடகை மண்டபத்தில் இருபத்து மூன்று பேர்,
இரண்டு தட்டு சமோசா,
ஒன்பது மணிக்கு வரப்போகும் மின்வெட்டு.
குறிப்பெழுதுவது நான்.

சந்தா பாக்கி, இலக்கு அட்டை, கழிவறைக் குழாய்
என்று ஆறும் அரைமணியில் முடிந்தன.
ஏழாவது, மசோதா.
லைசென்ஸ் கேட்கும் காரணங்களிலிருந்து
தற்காப்பு என்ற சொல்லை எடுத்துவிடுவார்களாம்.

தலைவர் கோகிலன் படையாச்சி எழுந்தார்.
ஐம்பது மீட்டரில் ஐந்து கோப்பை வென்றவர்.
"ஒரு சொல்தானே, விட்டுக்கொடுப்போம்.
விளையாட்டுத் துப்பாக்கியாவது மிஞ்சும்."
அதாவது, அவருடையது மிஞ்சும்.
பின்வரிசை அதற்குச் சொன்ன பதில்
குறிப்பில் ஏறக்கூடியதல்ல.

திலோஷினி பெட்ரோல் பங்க் நடத்துகிறாள்.
கைப்பையை மேசைமேல் வைத்தாள்;
வைத்த சத்தமே பாதி வாதம்.
"ரெண்டு தடவை வந்துட்டாங்க.
மூணாவது தடவை உங்க கோப்பையையா தூக்கி எறியறது?"
எழுதினேன்: சிரிப்பு.

வக்கீலுக்கு ஆளுக்கு ஐந்நூறு ராண்ட் என்றார் ஒருவர்.
சங்கத்தையே இரண்டாகப் பிரிக்கலாம் என்றார் சுபாஸ் நாயக்கர்.
போன வருஷமும் சொன்னார்,
அப்போது காரணம் குழாய்.

சில்வன் கூட்டங்களில் வாய் திறப்பவனல்ல.
உட்கார்ந்தபடியே கேட்டான்:
"அந்த ஜூலைல நாம எதைக் காப்பாத்தினோம்?"

எந்த ஜூலை என்று யாரும் கேட்கவில்லை.
கடைகள் எரிந்த ஜூலை.
ரோட்டுக்குக் குறுக்கே டயர் அடுக்கி
இந்த அறையில் பாதிப் பேர்
தெருமுனையில் விடிய விடிய நின்ற ஜூலை.
வேலைக்கு நடந்துபோன ஒருவன்
அந்தத் தெருமுனையைத் தாண்டாத ஜூலை.
நின்றவர்களுக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோனவள் நான்.

ஐந்து நிமிஷம் முன்னதாகவே போனது கரண்ட்.
இருட்டில் கத்துவதற்கு ஒருவருக்கும் மனமில்லை.
வாக்கெடுப்புக்குக் கை தூக்கினார்கள்,
ஒரு செல்போன் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன்,
சுவரில் நிழல்கள் அதிகமாக இருந்தன.
ஒத்திவைப்பு.

காலையில் கோகிலன் கூப்பிட்டார்:
மூன்றாம் பக்கத்தில் அந்த ஒரு சொல்,
அதை மட்டும் எடுத்துவிடம்மா.
மத்தியானம் திலோஷினி கூப்பிட்டாள்.
அதையேதான் கேட்டாள்.
மசோதா வந்த நாளிலிருந்து
இருவரும் ஒத்துப்போனது இதில் மட்டும்.

குறிப்பை இன்னும் அனுப்பவில்லை.
அந்த ஃபிளாஸ்க் சமையலறை மேலடுக்கில் இருக்கிறது.
மூடி அன்றிரவே
எங்கோ உருண்டுபோனது.