பளபளப்பு வேண்டாம் என்றேன்

ஊய் பூன் தேக் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் பதினோரு துப்பாக்கிகள்,
பல் கூசும் வெளிச்சத்தில்.
"டாக்டருக்கு இதுதான்" என்று
வெள்ளி நிறத்துக்காரியை முதலில் எடுத்தார்.
நிறம் வெள்ளி. விலையிலும் வெள்ளி அதிகம்.
விலாவில் தங்கக் கம்பி பதித்த ஒரு பறவை,
நீண்ட வால், கழுத்தில் வளையம்.
இந்தத் தீவில் அப்படி ஒன்று
எந்த மரத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
ஒரு மைனாவைச் செதுக்கியிருந்தால்
ஒருவேளை யோசித்திருப்பேன்.

நாள் முழுக்க அடுத்தவர் பற்களுக்கு
மெருகேற்றிவிட்டு வருகிறவள் நான்.
பளபளப்பு எவ்வளவு தாங்கும் என்று
எனக்குத் தெரியும்:
அடுத்த கோப்பி வரை.

குணசீலன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.
அவருடையதில் இரண்டு பறவை, ஒரு நாய்,
மூலையில் அவர் பெயரின் முதலெழுத்து.
கட்டைக்கு ஏழு பூச்சு வார்னிஷ்;
குனிந்தால் தலை வாரிக்கொள்ளலாம்.
"சுடும்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?" என்றேன்.
"சுடாதபோது நான் பார்க்கிறேன்" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
நேர்மையான மனிதர்.
இருபத்தைந்துக்குப் பதினெட்டுத் தட்டுக்கு மேல்
உடைத்ததும் இல்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்ல
வார்த்தை வராமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
எண்ணெய் மட்டும் குடித்த மரம்.
கண்ணை மூடித் தொட்டாலும் மரம் என்று தெரிய வேண்டும்.
குழாய் கறுப்பு இல்லை, நீலமும் இல்லை.
சாயங்கால மழைக்குச் சற்று முன்
பெர்ரியில் வரும்போது
பட்டர்வொர்த் பக்கம் கடல் ஒரு நிறம் எடுக்குமே, அது.
ஊய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
உள்ளே போய்
துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து
மன்னிப்புக் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.
"மரத்தில் குறை. யாரும் எடுக்கவில்லை.
எண்ணூறு வெள்ளி குறைத்துக்கொள்ளலாம்."

கன்னம் படுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே
ஒரு கணு.
கறுத்து, நடுவில் குழிந்து,
அசல் கடைவாய்ச் சொத்தை.
கிளினிக்கில் என்றால் ஊசி போட்டு
வாயைத் திறக்கச் சொல்லியிருப்பேன்.
இங்கே, தோளில் வைத்துக்
கன்னத்தைச் சாய்த்தேன்.

உரிமப் பாரத்தில்
எண் கேட்டார்கள், அளவு கேட்டார்கள், செய்த ஊர் கேட்டார்கள்.
நிறம் கேட்கவில்லை.
பதில் தயாராக வைத்திருந்தேன்.

மூன்றாம் வாரம்,
பாலிக் பூலாவ் மலைக்குப் பின்னால், எங்கள் மைதானத்தில்,
அதன் விலாவில் நான்கு விரல் துரு.
வேறு யார் விரல், என்னுடையதுதான்.
கையுறைக்குள் பதினைந்து வருடம் வெந்த கை
எதைத் தொட்டாலும் உப்பு.
குணசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"நிக்கல் பூசியிருந்தால் இந்த வியாதி இல்லை."
உண்மைதான். அன்று மட்டும்
அவருடைய நாய் என்னைப் பார்த்து இளித்தது.
எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் மூன்று போயிற்று.
சுண்டுவிரல் போகவில்லை.
ஆயுதக் கிடங்கு ஹம்டான் புதன்தோறும் துடைக்கிறார்;
விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை,
அழுத்தித் துடையுங்கள் என்றும் சொல்லவில்லை.

இவ்வளவு பேசுகிறோம்,
அந்தக் களிமண் தட்டுகளுக்கு
ஆரஞ்சுதான் என்று முடிவு செய்தது யார்?
உள்ளங்கை அளவு. விளிம்பு பிசகாத பூச்சு.
மூன்று விநாடி பறப்பதற்கு.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவர்
சாயம் வழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

போன ஞாயிறு நான் தவறவிட்ட ஒன்று
லாலான் புல்லில் உடையாமல் கிடந்தது.
ஓர் எறும்பு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.
ஊதிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கார் சாவி போட்டு வைக்கச் சரியான ஆழம்.

நிறம்தான்
கொஞ்சம் கண்ணை உறுத்துகிறது.