இருபத்தேழரை

முதலில் பொனற்றில் கை வையுங்கோ என்றார் நளீம்.
சூடென்றால்
நாங்கள் வருமுன்னமே ஸ்ரார்ட் பண்ணி
ஏதோ ஒரு இருமலை அடக்கியிருக்கிறார்கள்.

வைத்தேன்.
சூடுதான்.
ஆனால் பகல் பதினொன்றரை, உப்புவெளி, சித்திரை மாதம்.
கேற்றும் சுட்டது,
என் கைப்பையின் கொளுவியும் சுட்டது.
இதில் எஞ்சினின் சூடு எதுவென்று
யாரிடம் கேட்பது?

வெள்ளி நிற ஆல்ற்றோ.
பத்து வருசத்துக்கு முன் பதினொன்றரை இலட்சத்துக்கு
எடுத்தாராம் சூசைமுத்து.
இப்போது இருபத்தொன்பது கேட்கிறார்.
கேட்கும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கம்.
இறக்குமதியை நிறுத்திய நாள் தொட்டு
கிழடு தட்டத் தட்ட இதற்கு விலை ஏறியிருக்கிறது.
பதினாறு வருசம் வார்ட்டில் இரவு நின்றிருக்கிறேன்,
என் சம்பளச் சீட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நளீம் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்,
சாரத்துண்டில் சுற்றியது.
கதவு கதவாக ஒற்றிக்கொண்டு போனார்
காய்ச்சல் பார்ப்பதுபோல.
பின் மட்காட்டில் அது ஒட்டாமல்
புல்லில் விழுந்தது.

“மான் இடிச்சது,” என்றார் சூசைமுத்து.
“கோட்டை வாசலில. இரவு.”
“இந்த ஊரில எல்லாக் காருக்கும் மான்தான் இடிக்குது.
ஒரு லைற் போஸ்ற் இடிச்சதா
நான் கேள்விப்பட்டதேயில்ல.”
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பில்
ஒரு இலட்சம் கழன்றது.

மீற்றர் எழுபத்தோராயிரம் என்றது.
பிரேக் பெடலின் ரப்பர் வேறு கதை சொன்னது:
வரியெல்லாம் தேய்ந்து
ஆற்றுக் கல் மாதிரி மழமழவென்று.
அடியில் படுத்துப் பார்த்த நளீம் எழும்பி
முதுகு மண்ணைத் தட்டாமலே
“கடல் தின்டிருக்கு,” என்றார்.
எவ்வளவு?
“பிஸ்கட்டில எலி கடிச்ச அளவு.”

பின் சீற்றைத் தூக்கினோம்.
மணல். இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்று.
நாலாய் மடித்த கிளினிக் துண்டு,
எங்கள் ஆஸ்பத்திரி முத்திரை,
செவ்வாய், வெள்ளி, காலை ஆறு மணி என்று
யாரோ ஒரு நர்ஸின் எழுத்து.
என்னுடையதல்ல. பார்த்துக்கொண்டேன்.
“அது இனித் தேவையில்ல, எறியுங்கோ,” என்றார்.
எறியக் கை நீட்டுமுன்
தானே வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

நிலாவெளி வீதியில் ஓட்டிப் பார்த்தேன்.
ஸ்ரியறிங்கைத் தளரவிட்டால்
இடப்பக்கம் போகப் பார்க்கிறது.
“பழக்கம்,” என்றார் சூசைமுத்து.
“அலைன்மென்ற்,” என்றார் பின்னாலிருந்து நளீம்.

திரும்பி வந்து இறங்கும்போது
யாரும் கேட்காமலே சொன்னார்:
“மாரிக்கு முன்பக்கக் கால்மாட்டில தண்ணி வரும்.
ரெண்டு தரம் அடைச்சும் நிக்கேல்ல.
பிறகு என்னைப் பேசக் கூடாது.”

நளீம் விரலில் கணக்குப் பார்த்தார்.
மட்காட், துரு, பொய் மீற்றர், இப்போது தண்ணி.
இருபத்தாறுக்கு மேல் ஒரு சதமும் போகக் கூடாதென்று
புருவத்தால் சொன்னார்.
எனக்குத்தான் தண்ணியைக்
கழிப்பதா கூட்டுவதா என்று குழம்பிப்போயிற்று.
மீற்றரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத மனிசன்.
தண்ணியைச் சொன்ன மனிசன்.

இருபத்தேழரை என்றேன்.

நளீம் என் செருப்பின் நுனியை
மெல்ல மிதித்தார்,
பிரேக்கை மிதிப்பதுபோல.

பிடிக்கவில்லை.