இன்னும் பத்து

ஏழு பேர் இல்லாமல் சங்கம் பதிய முடியாதுங்க என்றார்
பதிவாளர் அலுவலக எழுத்தர்.
நாங்கள் ஐந்து.
நால்வர் துடுப்புப் போட்டவர்கள்,
நான் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
கத்தியவள்.

ஆறாவதாக நூர்ஜஹானின் வீட்டுக்காரரை எழுதினோம்.
ஏழாவதாக
ஆலப்புழையிலிருந்து பழைய படகை ஏற்றி வந்த
லாரிக்காரர் சென்னியப்பனை.
வாளையாரில் நிறுத்தி,
காத்தாலை இறக்கையா, எந்த ஊருக்குப் போகுது
என்று கேட்டார்களாம்.
இல்லீங், இது அம்மாக்களோட படகு
என்றதை இரண்டு முறை சொல்லச் சொல்லிவிட்டு
சிவப்புத் துணியை இன்னும் நீளமாய்க் கட்டவைத்து
அனுப்பினார்களாம்.

படிவத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம்.
சமூக சேவைன்னு போட்டுருங்க,
எல்லாரும் அதான் போடுவாங்க என்றார் எழுத்தர்.
ஜெசிந்தா பேனாவை வாங்கித்
துடுப்புப் போடுதல் என்று எழுதி
முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தாள்.

வெண்டிபாளையம் கதவணைக்கு மேலே
காவிரி நடக்க மறந்து நிற்கிற இடம்.
ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
ஆகாயத்தாமரையை மூங்கிலால் ஒதுக்கிப்
படகை இறக்கினோம்.
நான் என் இடத்துக்கு, பின்முனைக்குப் போய் உட்கார்ந்தேன்.
பின்முனையும் என்னோடு உட்கார்ந்தது.
நாற்பத்திரண்டு கிலோவுக்கு இருந்த இருக்கையில்
எழுபத்தாறு.
தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது.
முதலில் யாரும் சிரிக்கவில்லை,
அதுதான் கொடுமை.
பிறகு கோகிலவாணி சிரித்த சிரிப்பில்
நீர்க்காகம் ஒன்று கரையைவிட்டே எழுந்து போனது.

நீ இங்க வா என்றாள் துளசிமணி.
அவள் வலது தோளில் போன வருசம் வைத்த கம்பி.
இழுத்தா டாக்டர் திட்டுவார்,
கத்தறதுக்கு ஒண்ணும் சொல்லலை.

மஞ்சள் மண்டியில் வாயே திறக்காமல்
சீட்டில் விலை எழுதிப் போடுகிறவள் அவள்.
கல்லூரியில் நாலு வருடம்
என் முகத்துக்கு நேரே இருந்த முகம்.
இப்போதும் நேரேதான்,
ஆனால் நான் இந்தப் பக்கம்.
எதிரே வருவதெல்லாம் அவளுக்கு.
எனக்கு, விட்டுவந்த கரை,
அதில் எங்கள் ஐந்து ஜோடிச் செருப்பு,
சின்னதாகிக்கொண்டே.

முதல் இழுப்பிலேயே துடுப்புப் பிடி
வயிற்றில் குத்தியது.
மூன்றாவதில் உள்ளங்கை தோல் பேசியது.
கை இல்லடி, கால், காலால தள்ளு
என்றாள் பின்னாலிருந்து நூர்ஜஹான்.
காலாலா?
நாலு வருடம் இவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
கால் எனக்குக் கண்ணிலேயே படவில்லை.

தொண்ணூற்றொன்றில்
சென்னையில் எங்கள் கடைசிப் போட்டி.
கடைசிப் பத்து என்று கத்தினேன்.
பத்து முடிந்தது, எல்லைக்கொடி வரவில்லை.
இன்னும் பத்து என்றேன்.
அப்புறமும் இன்னும் பத்து.
கொடி எங்கே இருந்தது என்று
எனக்கு மட்டும்தான் தெரியும்.
மூன்றாம் இடம், தலைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.
வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கெல்லாம்
அதில் காபி கொடுத்து, நான்தான் கத்தினேன் என்று
முப்பத்துமூன்று வருடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று ஆறாவது இழுப்பில்
மூச்சு என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனது.
பாலம் எங்கடி என்றேன்.
ரயில் பாலம் வரைக்கும்தான் பேச்சு.
துளசிமணி பதில் சொல்லவில்லை.
கயிற்றை லேசாக இடப்பக்கம் இழுத்தாள்.
பிறகு, மண்டியே கேட்டிராத ஒரு குரலில்,
கடைசிப் பத்து!

எண்ணினேன்.
ஐந்தில் கண்ணுக்குள் மஞ்சள் பூச்சி பறந்தது.
ஏழில் கோகிலவாணி என்னவோ சாமி பேரைச் சொன்னாள்.
எட்டு.
ஒன்பதை யார் இழுத்தார்களோ, நானில்லை.
பத்து.

பாலத்தின் நிழல் எங்கள்மேல் விழவில்லை.
துளசிமணி என் தலைக்கு மேலே
எதையோ அளந்து பார்த்தாள்.
உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.
இன்னும் பத்து, கண்ணு என்றாள்.