குருணை

பிப்ரவரி. லியேஜ் மேட்டில் பனி இன்னும் விடவில்லை.
கூண்டறைக்குள் மட்டும் வசந்தம்:
விளக்குகளைப் பதினாறு மணி நேரத்துக்குத்
திருகி வைத்தவள் நான்.

பெண் கேனரிகள் அதிகம் பாடா.
தத்தும், கொறிக்கும், கீச்சென்று ஒரு சொல்,
அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாம் வளையக்காரிக்குத்
தோலுக்கடியில் ஒரு குருணை வைத்தோம்.
டெஸ்டோஸ்டிரோன்.
ரத்தத்தில் கசிந்து மூளைக்கு ஏறும்,
ஏறியதில் ஒரு பங்கு அங்கேயே
ஈஸ்ட்ரோஜனாக வேடம் மாற்றிக்கொள்ளும்.
(ஆண் பெண் என்று பெயர் வைத்ததெல்லாம்
நாம்தான் போலிருக்கிறது.)

நாற்பத்தேழுக்கு அப்படியில்லை.
மண்டையோட்டில் மயிரிழைத் துளை,
மூளையின் அடித்தளத்தில் ஒரே ஓர் அறைக்கு
ஒரு துளி.
பாட வேண்டும் என்கிற அறை அது.
எப்படிப் பாடுவது என்கிற அறை
மேலே, தள்ளி, வேறெங்கோ.
அங்கே விளக்கேற்றவில்லை.

மூன்றாம் வாரம் முப்பத்தொன்று பாடியது.
ஓடில் ஓடிவந்து கதவருகே நின்றாள்.
இழை பிசகாத சுருள் சுருளான பாட்டு.

நாற்பத்தேழும் பாடியது.
பாட்டென்று சொன்னால் பாட்டுக்குக் கோபம் வரும்.
பாதியில் அறுந்தது, மறுபடி பிடித்தது,
ஒரே சில்லை நூறு தடவை எறிந்தது.
விடிந்ததும் தொடங்கி, தீனி வைக்கும்போதும்,
தண்ணீர் மாற்றும்போதும்,
விளக்கணைந்து இருட்டிய பிறகு கொஞ்சமும்.
பயிற்சிக்கு வந்த பையன் காதைப் பொத்திக்கொண்டான்.
நான் அதன் கூண்டைக் கடைசியில் கழுவத் தொடங்கினேன்,
கூட நேரம் நிற்கலாமே என்று.

பாடியது குருவியா குருணையா?
ஓடிலைக் கேட்டேன்.
"புள்ளி எண்ணிக்கையை எழுது, கிஸ்லேன்" என்றாள்.

ஏப்ரலில் எழுதினேன்.
சீவல் சீவலாக, கண்ணாடிமேல்,
ஊதாச் சாயத்தில் இரண்டு மூளைகள்.
முப்பத்தொன்றில் மேலறை
மொட்டுப்போல் உப்பியிருந்தது.
நாற்பத்தேழில் அது சிறுத்து,
டிசம்பரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.
அந்த இரைச்சலில் ஒரு தடவைகூட
யாரும் அதை எழுப்பவில்லை.
பெட்டியை மூடிக் கையெழுத்திட்டேன்.
கைகழுவ வழக்கத்தைவிட நேரமானது.

எனக்கு ஐம்பத்து மூன்று.
என் வயிற்றிலும் ஓர் ஒட்டுச் சதுரம்,
திங்களும் வியாழனும் மாற்ற வேண்டும்.
அது வந்தபின் இரவில் வேர்ப்பதில்லை,
ஃபெர்னானின் முட்கரண்டிச் சத்தத்துக்கு அழுவதில்லை.
அழுதவள் நானா, அழாதவள் நானா என்று
மருத்துவரிடம் கேட்கவில்லை.
புள்ளி எண்ணச் சொல்லியிருப்பார்.

இன்று மாலை, மேட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில்,
ம்யூஸ் ஆறு தெரியும் வளைவில்
எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
அப்போதுதான் தெரிந்தது,
நான் ஏதோ முனகிக்கொண்டு வருகிறேன்.
சுருதி எங்கேயோ கிடந்தது.
இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு
இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது.
நாலுக்கும் முனகினேன்.