எண்பது நாற்காலிகள்

எங்கள் ஊரிலிருந்து நாரினுக்குப் போவது
கோபுரம் கோபுரமாகத் தாவும் இரண்டே மெகாபிட்.
மருத்துவமனை, பள்ளிக்கூடம், அஞ்சலகம்,
யெகாத்தரின்பர்க்கில் கல் சுமக்கும் பிள்ளைகளுக்கு
ஞாயிறுதோறும் காட்டும் முகங்கள்
எல்லாம் அந்த ஊசிக்காதில்தான் நுழைந்தாக வேண்டும்.

டிசம்பரில் தாலாய்பெக் என்னைக் கூப்பிட்டார்.
அறுவை அங்கியைக்கூடக் கழற்றவில்லை.
"பிஷ்கேக் நிபுணரின் திரையில்
என் கை கத்தியோடு உறைந்து நின்றதாம், ஜிபார்.
நாற்பது நொடி.
இங்கே அது நடுங்கிக்கொண்டிருந்தது."

அன்றிரவே ரவுட்டர் முன் உட்கார்ந்தேன்,
கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டு.
நான்கு வரிசைகள்.
அறுவை அறையின் படமும் குரலும் உயர்வில்.
பள்ளிக்கு நடுத்தரம், அஞ்சலகத்துக்கு இயல்பு.
பெயர் தெரியாதவர்களுக்குக் கடைசி வரி:
மற்றவை, தாழ்வு.
அதை அடிக்கும்போது மனம் கனத்தது என்றால் பொய்.
தேநீர் ஆறுகிறதே என்றுதான் நினைத்தேன்.

விதி எளிது.
முதல் வரிசையில் ஒரு பொட்டலம் நிற்கும்வரை
அடுத்ததை ரவுட்டர் ஏறிட்டும் பார்க்காது.
ஒன்று மட்டும் விசித்திரம்:
உயர்வில் காத்திருக்க இருபது இடம்,
தாழ்வில் எண்பது.
கதவு திறக்காத அறைக்கே
நாற்காலிகள் அதிகம்.

பிப்ரவரியில், பனி கொட்டிய ஓர் இரவு,
இரட்டைப் பிள்ளைகள், ஒன்று குறுக்கே.
கேமராக்கள் இரண்டு: ஒன்று மேசைக்கு மேலே,
இன்னொன்று இதயத்துடிப்பின் கோட்டுக்கு.
ஒன்பது மணியிலிருந்து நான்கு வரை
படம் ஒருமுறைகூடத் திக்கவில்லை.
நிலவறையில் நான் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
தாழ்வில் விழுந்து மடிந்தவை
இருநூறு, மூவாயிரம், பதினோராயிரம்.
எவனோ படம் ஏற்றுகிறான், ஏற்றட்டும், காலையில் ஏற்றட்டும்.
மாடியில் முதல் அழுகை கேட்டது,
சற்றுப் பொறுத்து இரண்டாவது.
கைதட்டினேன், தனியாக.

காலையில் சாலைத் துறையின் கல்முரத் வந்தார்,
பூட்ஸ் பனியோடு தரையில் உருகிக்கொண்டிருக்க.
"பதினோராவது கிலோமீட்டரின் பனிமானி
ராத்திரி முழுக்க ஏன் ஊமையாயிற்று?"

எனக்குப் பனிமானி ஒன்று இருப்பதே தெரியாது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நூறு பைட்.
ஒரே தடவை சொல்லும்;
கேட்டாயா என்று திரும்பி வந்து கேட்காது.
கேட்காதவர்களை நான் எங்கே வைத்தேன் என்பதை
அவரிடம் சொல்ல நா எழவில்லை.

சரிவு விழுந்தது ஐந்து பத்துக்கு.
இரண்டு நாற்பதுக்கு அதன் அடியில் ஊர்ந்து வந்தது
நாரினிலிருந்து ரத்தம் ஏற்றிய ஜீப்,
அதே தாய்க்கு, இரண்டு பைகள்.
ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து வைத்து
மலையின் சத்தம் கேட்டபடியே ஓட்டினாராம்.
காது இரண்டும் கறுத்திருந்தன.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
யாரும் என்னைத் திட்டவில்லை.
தாலாய்பெக் ஒரு டப்பா மிட்டாய் கொடுத்தனுப்பினார்.
அதைப் பிரிக்காமலே
பனிமானியை உயர்வில் சேர்த்தேன், ஒரே வரி.

பிறகு மூன்று வாரம்,
"மற்றவை"யைப் போர்ட் போர்ட்டாகப் பிரித்து,
தாள் ஒன்றில் எழுதி, ஊருக்குள் நடந்தேன்.
இது ஆட்டுத் தரகரின் விலைப்பட்டியல்.
இது மருந்துக்கடைக் குளிர்பெட்டியின் வெப்பநிலை.
இது ஒரு பையன், பன்னிரண்டு வயது,
அண்ணனோடு சதுரங்கம், நாளைக்கு ஒரு காய்.

இன்னும் ஒன்று மிச்சம்.
நிமிடத்துக்கு ஒருமுறை எழுபது பைட்,
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து.
அங்கே வீடு எதுவும் இல்லை என்கிறார்கள்.
இயல்பில் வைத்திருக்கிறேன்.