நான்கு சக்கரமும் சுடுகிறது

சீனப் பெருநாளுக்குப் பட்டறையைச் சாத்திவிட்டு
ஆ லியோங் பினாங்கு போய்விட்டான்.
லாபிஸ் கடைத்தெரு முழுக்க வெடித்த சிவப்புத் தாள்,
மழையில் சாயம் கழன்று சாக்கடைக்கு ஓடுகிறது.
வேறு வழியில்லாமல் மல்லாந்து கிடக்கிறேன்,
ஐம்பத்தொன்பதாம் வருடத்து மோரிஸ் மைனருக்கு அடியில்,
செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணி நான்,
முதுகுக்கு ஓர் உரச்சாக்கு.

காடி ஓடுகிறது. நிற்கிறது.
நின்றபின் உருளமாட்டேன் என்கிறது.
நியூட்ரலில் போட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து,
தோள் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

கைப்பிரேக் கம்பி என்றுதான் தொடங்கினேன்.
ஆனால் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்.
தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல்
ஒவ்வொரு டிரம்முக்கும் புறங்கையைக் கொண்டுபோனேன்.
பின்னால் இரண்டும் சுட்டன.
முன்னால் இரண்டும்.

ஒன்று சுட்டால் அந்தச் சக்கரத்தைக் கேட்கலாம்.
நான்கும் சுட்டால்
குற்றம் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது.

ஜாக்கில் தொங்கிய இடது முன்சக்கரத்தில்
காற்றுத் திருகை அரைச்சுற்று தளர்த்தினேன்.
எண்ணெய் பீய்ச்சி மூக்குக்கண்ணாடியில் அடித்தது.
சக்கரம் சட்டென்று விடுபட்டுச் சுழன்றது.
மிதித்த அழுத்தம் உள்ளே போயிருக்கிறது,
திரும்பிவர வழியில்லாமல்.

மரியசூசைதான்! வேறு யார்?
எட்டாயிரத்து முந்நூறு வெள்ளியை எச்சில் தொட்டு எண்ணியவர்,
"ஓட்டிப் பாருங்க" என்று சிரித்தவர்.
எண்ணெய் விரலோடு போனை எடுத்தேன்.
கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன்,
அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட இழுத்தேன்.
ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான்
காலடிக் கம்பளத்தை உரித்தேன்,
மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்தேன்.
உள்ளே ரப்பர் வளையம் பருத்துக் கிடந்தது,
ரசத்தில் ஊறிய வடைபோல்.

மைலோ குடித்த குவளையைக் கழுவித் தண்ணீர் பிடித்து
ஒரே ஒரு சொட்டு விட்டேன்.
பிரேக் எண்ணெய் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும்.
இது மிதந்தது.
வட்டமாக, விளிம்பில் ஏழு நிறத்தோடு,
ஆலைக் குட்டையில் நான் தினமும் பார்க்கிற அதே மினுக்கலோடு.

தைப்பூசத்துக்கு முந்தின இரவு.
முதல் மிதிக்குக் கால் தரைவரை போனது,
இரண்டாம் மிதிக்குத்தான் பிடித்தது.
ஃபிட்டர் ஜைனுதீன் மேசையில் ஒரு மினரல் வாட்டர் போத்தல்,
பெயர்ச்சீட்டு இல்லாதது,
பிழியும் எந்திரத்துக்கு ஊற்றிய ஹைட்ராலிக் எண்ணெயில் மிச்சம்.
புனல் பிடித்தது என் கை.
எண்ணெய் எண்ணெய்தானே என்றதும் என் வாய்.

டாஷ்போர்டைத் துழாவினேன்.
டோல் ரசீதுகளுக்கு அடியில்
சாவியோடு மரியசூசை தந்த துண்டுக் காகிதம்,
பள்ளிக்கூடத்து எழுத்து:
"மிதி இறங்கினால் ஷூவை நெருக்கிக் கட்டவும்.
எண்ணெய் ஊற்ற வேண்டாம்."

லோரியின் எடையைக் கழிக்காமல்
பழக்குலையின் எடை எழுதிய கிராணி
எங்கள் ஆலையில் ஒரு நாள் தாங்கமாட்டான்.

இனி ஒவ்வொரு ரப்பரும் மாற்ற வேண்டும்,
குழாய், வளையம், கிண்ணம், நான்கு சக்கரத்துக்கும்.
அந்தக் கணக்கை நாளைக்குப் பார்க்கலாம்.
கையைத் துடைத்துக்கொண்டு அழைத்தேன்.

முதல் அழைப்பு தரைவரை போனது.
இரண்டாவதில் எடுத்தார்.
"ம். சொல்லுங்க."

குவளை கையில்தான் இருந்தது.
சொட்டு இன்னும் கரையவில்லை.