நடுவில் ஸ்டாப்பிங் கிடையாது

குதிரைவெட்டியில் வண்டி திரும்புகிற இடத்தில்
முழங்கால் உயரத்துக்குக் காஞ்சொறி.
நைட் ஹால்ட் முடிந்து முகம் கழுவப் போகிறவனை
நாலு நாளைக்கு ஒருதரம் தீண்டிவிடும்.
அரிவாளோடு நான் நின்ற காலையில்
அந்தப் பெண் கையை நீட்டி மறித்தாள்:
"வெட்டாதீங்க, உள்ளே ஆள் இருக்கு."

பாளையங்கோட்டைக் காலேஜ். எஸ்தர் பொன்மலர்.
குச்சியால் ஓர் இலையைத் திருப்பினாள்.
ஓரம் இரண்டையும் நூலால் இழுத்துத் தைத்திருந்தது.
உள்ளே முள்ளும் கறுப்புமாய் ஒரு புழு
எனக்குச் சுணைக்கிற இலையை
வெற்றிலை மாதிரி மென்றுகொண்டு.

பறக்கிறதையும் காட்டினாள்.
தகரக் கூரையில் வெயில் விழுந்ததும்
வந்து விரித்து உட்கார்ந்தது:
கறுப்பில் தணல் நிறப் பட்டை,
முனையில் சுண்ணாம்பு தொட்டுவைத்த புள்ளிகள்.
மூடினால் வெறும் சருகு.
அப்புறம் என் காக்கிச் சட்டைக் கையில் இறங்கி
வியர்வையை உறிஞ்சியது,
கேட்கவெல்லாம் இல்லை.

"இமயமலையில் இருக்கு.
நீலகிரி, பழனிமலை, இங்கே இருக்கு.
நடுவில் கிடையாது."

இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த எனக்கு
அது பிடிபடவில்லை.
ஏறின இடம் தெரிகிறது, இறங்கின இடம் தெரிகிறது,
நடுவில் ஒரு ஸ்டேஜ்கூட இல்லாமல்
எப்படிப் போடுவது இன்வாய்ஸ்?

அனுமானம்தான் என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள்:
சமவெளியும் இத்தனை கொதிக்காத காலம் ஒன்று இருந்ததாம்.
சூடு கூடக் கூட
குளிர் மலையேறிவிட்டது.
பூச்சியும் அதன் பின்னாலேயே.

அப்படியானால் அது எங்கிருந்தும் வரவில்லை.
நடுவில் இருந்த ஸ்டாப்பிங்கை எல்லாம்
யாரோ எடுத்துவிட்டார்கள்.

அரிவாளை டூல்ஸ் பெட்டியில் போட்டேன்.
கணுக்கால் இன்னும் சுணைத்தது.

ஒன்பதரைக்கு வண்டி.
ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி.
நாலுமுக்கில் ஏற்றின கொய்யாக்கூடையில்
ரெண்டு மூணு நசுங்கிப் புளித்த வாசம்.
மாஞ்சோலை தாண்டி இரண்டாவது வளைவில்
கடைசி சீட்டுக் கண்ணாடியில்
தணல் நிறம் முட்டி முட்டி விழுந்தது.
கீழே மணிமுத்தாறு அணை
வெயிலில் வெள்ளைத் தகடு.

விசில் கொடுத்தேன்.
துரைப்பழம் கண்ணாடி வழியாகப் பார்த்தார்:
"இந்தக் காட்டுல யாருவே எறங்குதா?"

இன்வாய்ஸ் அட்டையால் அணைத்து
ஷட்டரைத் தூக்கினேன்.
மேலே ஏறுகிற காற்று ஒன்று
அதை வாங்கிக்கொண்டது.

"ஒரு ஆள்" என்றேன்.
"போலாம், ரைட்."